அறிவிப்பு வேறு, ஆயத்தம் வேறு

நமது சங்கங்களின் கடிதப் போக்குவரத்தில் பெரும்பகுதி இன்று மின்னஞ்சல் வழியாகவே நடைபெறுகிறது. நூல் தேவைப் பட்டியலும், சரக்கு அனுப்பிய விவரமும், தணிக்கைக்குரிய நகல்களும் அவ்வழியே செல்கின்றன. தெருமுனையிலுள்ள தபால் பெட்டியை எடுத்துவிட்டால் மறுநாளே ஊரார் அறிவர். மின்னஞ்சலில் ஒரு வசதி நிறுத்தப்பட்டாலோ, காரியம் கெட்ட பின்னரே நம்மில் பலர் அறிகின்றோம்.

பல சங்கங்கள் வைத்திருப்பது கட்டணமில்லாத ஜிமெயில் கணக்கேயாகும். அதில் முன்பு ஒரு வசதி இருந்தது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கொடுத்துவைத்தால், பிறர் தயாரித்த செயலியோ இயந்திரமோ நமது கணக்கினுள் நுழைந்து கடிதம் எடுக்கவும் அனுப்பவும் அது இடமளித்தது. இத்தகைய கணக்குகளுக்கு அவ்வசதியை 2022 மே 30 முதல் கூகுள் நிறுவனம் நிறுத்திவிட்டது. நிறுத்தியது சரியே என்பது நமது அபிப்பிராயம். கிடங்குச் சாவியையே வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புவதும், இன்ன சரக்கை இவரிடம் கொடுக்கலாம் என்று சீட்டு எழுதிக் கொடுப்பதும் ஒன்றாகா. பழைய முறை சாவி கொடுத்தது. புதிய முறை சீட்டு கொடுக்கிறது. சீட்டை வேண்டும்போது ரத்து செய்யலாம். களவு போன சாவியை என்ன செய்வது?

மைக்ரோசாப்ட் நிறுவனமும் அலுவலகங்களுக்குரிய தனது எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவையில் இதே மாற்றத்தைச் செய்தது. 2019இல் அறிவித்து, 2020 அக்டோபர் என்று நாள் குறித்தது. கொரோனா நோய் பரவியதால் நாள் தள்ளிப்போயிற்று, பின்னரும் தள்ளிப்போயிற்று, முடிவில் 2022 அக்டோபர் 1ஆம் தேதி முதல் நிறுத்தத் தொடங்கியது. மூன்றாண்டு அவகாசம்! அப்படியிருந்தும், ஆயத்தமில்லாதவர்கள் அவ்வாண்டு முடியும்வரை ஒருமுறை மீண்டும் திறந்துகொள்ள இடம்விட வேண்டியதாயிற்று. தவணை நீட்டிக்கப்படுந்தோறும், இம்முறையும் நீட்டிப்பார்கள் என்ற எண்ணமே மனிதருக்கு வளருகிறது. கடன் வசூலில் நாம் காணாததா இது?

2022 ஜூன் மாதத்தில் நெசவாளர் சங்கம் ஒன்றுக்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். அங்கிருந்த ஸ்கேனர் இயந்திரம் காகிதத்தை இழுத்துப் படம் எடுத்தது. கடிதம் மட்டும் போகவில்லை. இயந்திரம் பழுது என்றெண்ணி எழுத்தர் மெக்கானிக்கை வரவழைத்திருந்தார். அவரும் உருளையைத் துடைத்துவிட்டுக் கூலி பெற்றுச் சென்றார். நூல் தேவைப் பட்டியல் போய்ச் சேர்ந்துவிட்டதென்றே தலைவர் நம்பியிருந்தார். நூல் வராததால் சில அங்கத்தினர் வீடுகளில் அடுத்த பாவுக்கு வழியின்றித் தறி நின்றது. ஒரு மூதாட்டி நம்மிடமே வந்து, "எங்க நூல் எந்தக் கம்பியில மாட்டிக்கிட்டுதுங்க ஐயா?" என்று கேட்டார்.

எழுத்தரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஏனெனில் இதுபற்றிய சுற்றறிக்கையை அச்சங்கத்துக்கு அனுப்பியவர்கள் நாமே. "பாதுகாப்புக் குறைந்த செயலிகளுக்கான அனுமதி நிறுத்தம்" என்று அதில் எழுதியிருந்தோம். எழுத்தர் அதைப் படித்து, கையெழுத்திட்டு, கோப்பில் முறையாகச் சேர்த்தும் வைத்திருந்தார். தம் சங்கத்தில் அப்படிப்பட்ட செயலி ஏதும் இல்லையென்பது அவர் கருத்து. "ஸ்கேனர்" என்ற ஒரு சொல்லை நாம் எழுதியிருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும். வசதியின் பெயரை அதனை உண்டாக்கியவர் அறிவார். அதை உபயோகிப்பவர், தாம் அழுத்தும் பொத்தானை மட்டுமே அறிவார். அறிவிப்பை அந்தப் பொத்தானிலிருந்து தொடங்கி எழுதவேண்டும்.

இயந்திரத்தைச் சரிசெய்ய அரைமணி நேரமே ஆயிற்று. கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை ஏற்படுத்தி, ஸ்கேனருக்கென்று 16 எழுத்துக்கள் கொண்ட தனிக் கடவுச்சொல்லைப் பெற்று அதில் பதிந்தோம். கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் இந்தத் தனிச்சொல் செல்லாததாகிவிடும் என்பதையும் இயந்திரத்தின் மேலேயே எழுதி ஒட்டச் செய்தோம்.

தொல்லை வேறிடத்தில் முளைத்தது. இருபடிச் சரிபார்ப்புக்கு அப்போது ஒரு தொலைபேசி தேவைப்பட்டது. யாருடையது? அன்று கையில் அகப்பட்டது காரியதரிசியின் சொந்தத் தொலைபேசி. அவசரத்தில் நாமும் ஒப்புக்கொண்டோம். அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குச் சென்றார். புதியவர் கணக்கைத் திறக்க முயன்றபோது, அதற்குரிய எண் வெளியூரில் அவரது சட்டைப்பையில் ஒலித்தது! நல்ல மனிதர், உடனே சொல்லி உதவினார். மனத்தாங்கலோடு பிரிந்து சென்றவராயிருந்தால் சங்கத்தின் கடிதங்கள் அனைத்தும் ஒரு தனிமனிதரின் தயவில் நின்றிருக்கும். பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம், பொதுச் சொத்தைத் தனியார் கையில் வைப்பதில் முடியலாகாது. சங்கத்தின் பெயரில் ஒரு தொலைபேசி எண் பெறுவது இன்று பெருஞ்செலவன்று. அத்துடன், தொலைபேசி இல்லாதபோது உதவவென்று கூகுள் பத்து மாற்று எண்களைத் தருகிறது. ஒவ்வொன்றும் ஒருமுறையே செல்லும்.

ஆகவே, இனி ஏதேனும் ஒரு வசதி நிற்கப்போகிறதென்று தெரிந்தால், சுற்றறிக்கையோடு நில்லாமல் நாம் நேரில் சென்று கேட்பதே நலம். எந்த இயந்திரம், யார் கையில், மாதத்தில் எந்த நாளில் உபயோகமாகிறது என்று குறிக்கவேண்டும். மாதம் ஒருமுறை மட்டும் தொடப்படும் வேலையே கண்ணுக்குத் தப்புவது. கெடுநாளுக்குச் சில வாரம் முன்பே, வேலை குறைந்த ஒரு நாளில் பழைய வசதியை நாமாகவே அணைத்துப் பார்க்கலாம். அன்று எது நிற்கிறதோ அதுவே நமது பட்டியலில் விட்டுப்போனது. மறுபடி திறந்துகொள்ள அப்போது வழியிருக்கும். இது ஆய்வாளருக்கு ஒரு நாள் கூடுதல் வேலைதான். ஒரு நெசவாளர் குடும்பம் தறியின் முன் சும்மா உட்கார்ந்திருக்கும் நாட்களோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

மேற்கூறிய சங்கத்தில் இப்போது அந்தப் பத்து எண்களும் அரக்கு வைத்த உறையில், ரொக்கப் பெட்டகத்தினுள் இருக்கின்றன. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சாவிக்கொத்துக்கும் முத்திரைக்கும் அடுத்தபடியாக அதற்கும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்.