ஜெயித்தும் தோற்கும் பந்தயம்

குதிரைப் பந்தயத்தில் இரண்டு குதிரைகள் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடுவது எப்போதாவது நடக்கும். அதற்கென்றே ஒரு விதி உண்டு. பெயர் 'டெட் ஹீட்'. கட்டிய பணத்தைச் சமமாக வந்தவற்றின் எண்ணிக்கையால் வகுத்து, அந்தப் பங்குக்கு மட்டும் முழு விலை கொடுப்பார்கள். மீதிப் பங்கு போனது போனதுதான். அதே விதிதான் கோல்ஃப் பந்தயங்களிலும் இருக்கிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏனென்றால் கோல்ஃபில் சமநிலை அபூர்வம் அல்ல, அன்றாடம். நான்கு நாள், 72 குழி ஆடிய பிறகு முதலிடத்தில் இருவர் சமமாக நின்றால் ப்ளே-ஆஃப் வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஐந்தாம் இடத்துக்கோ இருபதாம் இடத்துக்கோ அப்படி எதுவும் கிடையாது. நான்கைந்து பேர் ஒரே ஸ்கோரில் நின்றால், அப்படியே விட்டுவிடுவார்கள்.

ஒரு கணக்கு. தன் ஆட்டக்காரர் முதல் 5 இடங்களுக்குள் வருவார் என்று ஒருவர் 4-க்கு 1 விலையில் 40 டாலர் கட்டுகிறார். முழுசாக ஜெயித்தால் முதலோடு சேர்த்து 200 டாலர். ஆனால் ஐந்தாம் இடத்தில் நான்கு பேர் நிற்கிறார்கள். இடம் ஒன்று, ஆள் நான்கு. ஆக 40-ல் கால் பங்கான 10 டாலர் மட்டுமே உயிரோடு இருக்கும். கைக்கு வருவது 50 டாலர்.

இதைவிட விசித்திரம் 'முதல் 20' பந்தயத்தில் நடக்கும். விலை ஒன்றுக்கு ஒன்று, கட்டியது 40 டாலர், இருபதாம் இடத்தில் ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால், திரும்பி வருவது 16 டாலர். ஸ்கோர் பட்டியலில் ஆட்டக்காரர் பெயருக்கு எதிரே 'டி20' என்று இருக்கும் (கிரிக்கெட் அல்ல, 'டை'யின் டி!). சொன்னது பலித்தது. ஆனால் 24 டாலர் நஷ்டம்!

இது மோசடியா? இல்லை. ஓர் இடத்தை நான்கு பேர் பகிர்ந்தால் பணத்தையும் நான்காகப் பகிர்வது கணக்குப்படி சரிதான். விலை போடும்போதே புக்மேக்கர் இதையும் சேர்த்துத்தான் போடுகிறார். சமநிலைக்கும் முழுப் பணம் தருகிறோம் என்று தனியாக விற்பவர்கள், விலையைக் குறைத்துக்கொள்கிறார்கள். எனவே குறை விதியில் இல்லை. விதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. விலை பெரிய எழுத்தில், கண்ணெதிரே. விதியோ யாரும் திறக்காத ஒரு நீண்ட பக்கத்தின் நடுவே.

இரண்டு ஆட்டக்காரர்களை மோதவிடும் 'மேட்ச்அப்' பந்தயத்தில் இன்னொரு குழப்பம். அங்கே இருவரும் சமமானால், சமநிலைக்கென்று தனி விலை இல்லாத பட்சத்தில், பெரும்பாலும் பணம் திரும்ப வந்துவிடும். மூவர் மோதும் பந்தயத்தில் இருவர் சமமானால் டெட் ஹீட். ஒரே விளையாட்டு, ஒரே நிறுவனம், சமநிலைக்கு மட்டும் இரண்டு அர்த்தம். 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த கூட்டாட்சித் தடையை நீக்கியது. அதன்பின் புதிதாக வந்தவர்களில் பலர் அமெரிக்க ஃபுட்பால் பழகியவர்கள். சமன் என்றால் பணம் வாபஸ் என்று அவர்கள் நினைப்பதில் தவறென்ன?

விலகல் இன்னும் கொடுமை. 2021 மெமோரியல் போட்டியில் மூன்றாம் நாள் முடிவில் ஜான் ராம் 6 ஸ்ட்ரோக் முன்னிலையில் இருந்தார். கொரோனா சோதனையில் பாசிட்டிவ் என்று வந்ததால் விலக நேர்ந்தது. பேட்ரிக் கேன்ட்லே ஜெயித்தார். மேட்ச்அப் பந்தயங்களின் வழக்கமான விதிப்படி, ஆடத் தொடங்கிய பிறகு ஒருவர் விலகினால் அதிகக் குழி ஆடியவரே வெற்றியாளர். அதாவது, ராமை விடப் பல ஸ்ட்ரோக் பின்னால் இருந்து ஆட்டத்தை முடித்த ஒருவர், விதிப்படி ராமை 'ஜெயித்து' விடுவார்.

மழையும் காற்றும் சும்மா இருப்பதில்லை. 2024-ல் பெபிள் பீச்சில் கடைசிச் சுற்று ரத்தாகி, 54 குழியோடு விண்டம் கிளார்க் வெற்றியாளரானார். பொதுவாக 36 குழி முடிந்திருந்தால் வெற்றியாளர் மீதான பந்தயம் செல்லும். ஒரு ஸ்ட்ரோக் பின்னால் இருந்த லுட்விக் ஓபெரி மீது முன்பே கட்டியவருக்கு, மீதி 18 குழியைப் பார்க்காமலே பணம் போனது. 2020 பிளேயர்ஸ் போட்டியோ கொரோனாவால் முதல் சுற்றோடு நின்றது. அங்கே 36 குழி என்ற அளவே எட்டப்படவில்லை.

பந்தயம் கட்டுபவர்தான் விதியைப் படித்திருக்க வேண்டும் என்று நிறுவனங்கள் சொல்லும். பாதி நியாயம். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் நொடியில் விலையை மாற்றத் தெரிந்த கம்ப்யூட்டருக்கு, விலையின் பக்கத்தில் மூன்று வரி காட்டத் தெரியாதா? சமநிலையானால் என்ன, விலகினால் என்ன, குறைந்தபட்சம் எத்தனை குழி. கூடவே, 'ஐந்து பேர் சமமானால் உங்களுக்கு 16 டாலர்' என்று ஓர் உதாரணம். இதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும்.

தோற்றுப் பணம் இழப்பது பந்தயத்தின் இயல்பு. ஜெயித்த பிறகுதான் தோற்றது தெரியவருகிறது என்றால், அந்த ஆளுக்கு என்ன விற்கிறோம் என்பதை விற்றவர் சரியாகச் சொல்லவில்லை என்றே அர்த்தம்.