முன்தேதியிட்ட மன்னிப்பு

தவறு செய்துவிட்டு, பழைய தேதிக்குப் போய் விதியையே திருத்தி எழுதி, "தப்பே நடக்கலையே சார்" என்று கைவிரித்தால் என் ஐடி வேலை அன்றே காலி. நாடாளுமன்றம் அதைச் செய்தால் அதற்குப் பெயர் நிதி மசோதா.

2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம், பாஜகவும் காங்கிரஸும் வேதாந்தா குழும நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கியது வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தை மீறிய செயல் என்றது. தாய் நிறுவனம் இருந்தது லண்டனில். பணம் கொடுத்தவற்றில் நம் தூத்துக்குடி ஆலையின் ஸ்டெர்லைட்டும் ஒன்று.

தண்டனை வரவில்லை, திருத்தம் வந்தது. 2016இல் 'வெளிநாட்டு மூலம்' என்பதன் வரையறையையே மாற்றினார்கள். அந்நிய முதலீட்டு வரம்புக்குள் இருந்தால், பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பங்குள்ள கம்பெனியும் இனி உள்ளூர்க் கம்பெனிதான். அந்த மன்னிப்பு 2010 வரைதான் எட்டியது. மீறப்பட்டதோ அதற்கும் முந்தைய 1976ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே 2018இல் இன்னொரு திருத்தம், 1976 ஆகஸ்ட் 5 வரை பின்னோக்கி. மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒருசேர நனைந்த மழை அது.

இதே சட்டம் தொண்டு நிறுவனங்களிடம் எப்படி நடந்துகொள்கிறது? 2020 முதல், கிராமத்தில் பள்ளி நடத்துபவர்கூட வெளிநாட்டு உதவி பெற டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் கணக்கு தொடங்க வேண்டும்.

அதே வங்கிதான் தேர்தல் பத்திரங்களை விற்றது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தை ரத்து செய்ததும், 22,217 பத்திரங்களின் விவரத்தைத் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. நீதிமன்றம் மறுத்தது. மார்ச் 21 அன்று பத்திர எண்கள் வெளியாகின. கொடுத்தவரையும் பெற்றவரையும் பொருத்திப் பார்க்கச் சில மணிநேரமே போதுமாக இருந்தது. சின்ன நிரல், அவ்வளவுதான்.

"எல்லாக் கட்சியும்தான் வாங்குது, விடுங்க பாஸ்" என்பார்கள் நண்பர்கள். வாங்குகிறார்கள்தான். லாட்டரி நடத்தும் பியூச்சர் கேமிங் 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியது. அதில் 509 கோடி திமுகவுக்குப் போனது. எல்லாரும் வாங்குவதால்தான் எவரும் கேட்பதில்லை. அதனால்தான் நாம் கேட்டாக வேண்டும்.

நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் தரக் கூடாது என்ற வரம்பை 2017இல் நீக்கியிருந்தார்கள்; தீர்ப்பு அதை மீட்டது. ஆனால் முன்தேதியிட்ட மன்னிப்பை அது தொடவில்லை. அந்தத் திருத்தத்தை நீக்குங்கள். நன்கொடை வந்த வாரமே கொடுத்தவர் பெயரை வெளியிடுங்கள். பத்து ரூபாய்க்கு டீ குடித்தாலும் என் கைப்பேசி உடனே கணக்கு சொல்கிறது. கட்சிகளால் முடியாதா என்ன?