பாறைக்குள் பணம்

தாயில்பட்டியிலிருந்து நண்பர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். பட்டாசுத் தொழிலில் பாடுபட்டுச் சேர்த்த பணம் கொஞ்சம் கையில் இருக்கிறதாம். "லித்தியம், சீஸியம் முதலிய அபூர்வ தாதுக்கள் நம் தேசத்தில் அகப்பட்டிருக்கின்றனவாமே! சுரங்கக் கம்பெனிப் பங்கு வாங்கலாமா?" என்று கேட்கிறார்.

கேள்வி தக்க ஊரிலிருந்துதான் வந்திருக்கிறது. 1860-ம் வருஷத்தில் புன்ஸன், கிர்க்காப் என்ற ஜெர்மானிய விஞ்ஞானிகள், ஊற்று நீரிலிருந்து எடுத்த உப்பைச் சுடரில் காட்டி, அதன் ஒளியில் தோன்றிய நீலக் கோடுகளைக் கொண்டே சீஸியத்தைக் கண்டுபிடித்தார்கள். லித்தியமோ செக்கச் சிவந்து எரியும். ஆயினும் வாணங்களில் சிவப்புக்குப் பெரும்பாலும் சேர்ப்பது ஸ்ட்ரான்ஷியம் உப்பைத்தான். காரணம், அது மலிவு. குணம் இருந்தால் மட்டும் ஒரு பொருள் விலை போய்விடாது என்பது நண்பருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2023 பிப்ரவரியில் காஷ்மீர் ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த ரியாஸி ஜில்லாவில் 59 லட்சம் டன் லித்தியம் இருப்பதாகச் செய்தி வந்ததும் தேசமே பூரித்தது. அது லித்தியம் அல்ல. லித்தியம் கலந்த தாது. அதுவும் அனுமான அளவே. அவ்வாண்டு ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்தித் தனியாருக்கு வழி திறந்தார்கள். நவம்பரில் ஏலம் கூறினார்கள். போதிய ஏலதாரர் வரவில்லை. மறுபடி அழைத்தும் பயனின்றி, 2024-ல் ஏலம் ரத்தாயிற்று. களிமண்ணோடு கலந்த லித்தியத்தைக் கட்டுபடியாகும் செலவில் பிரிப்பது எளிதன்று.

மைசூர்ச் சீமையில் மாண்டியாவுக்கருகே 14,100 டன் இருக்கிறதென்று 2020-ல் பேச்சு அடிபட்டது. மறு வருஷம் அரசாங்கம் பார்லிமெண்டில் சொன்ன அளவு 1,600 டன்.

விலையின் சங்கதியோ வாணத்தையும் மிஞ்சியது. 2022 இறுதியில் சீனத்தில் டன்னுக்கு ஆறு லட்சம் யுவானை நெருங்கிய லித்தியம் கார்பனேட், ஒரே வருஷத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. சீஸியமோ அணுக் கடிகாரத்துக்கும் எண்ணெய்க் கிணறு தோண்டுவதற்கும் இன்னும் சில காரியங்களுக்கும் வேண்டுவது. உலகம் முழுவதிலும் அதை வாங்குகிறவர்கள் சிலரே.

அப்படியானால் தேசம் சும்மா இருக்கலாமா? கூடாது. மின்சார வண்டிக்கும் பாட்டரிக்கும் அந்நியரை எத்தனை காலம் எதிர்பார்ப்பது? 2024 ஜனவரியில் நமது சர்க்கார் கம்பெனி ஒன்று அர்ஜென்டினாவில் ஐந்து லித்தியம் வட்டாரங்களை ஆராய ஒப்பந்தம் செய்தது நல்ல காரியமே. ஆனால் தேசம் பத்து வருஷம் காத்திருக்கும். பெண்ணின் படிப்புக்கென்று வைத்த பணம் காத்திராது. தேசாபிமானம் வேறு, பங்கு வியாபாரம் வேறு.

எந்தக் கம்பெனியின் அறிக்கை வந்தாலும், "எவ்வளவு அகப்பட்டது?" என்பதோடு நில்லாமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். அளவு அனுமானமா, துளையிட்டு நிச்சயித்ததா? பிரித்தெடுக்கும் முறை கைவந்ததா? வாங்குகிறவர் யார்? இவற்றில் ஒன்றுக்கு விடையில்லாவிட்டாலும், பணம் தபாலாபீஸ் சேமிப்பிலேயே சுகமாக இருக்கட்டும்.