பெயர் குறித்தோம், பணி அறிந்தோமா?

கோழிக் கருவின் 72 மணி நேர நிலையை நுண்ணோக்கியில் கண்டேன், பதிவேட்டில் வரைந்தேன், பாகங்களைக் குறித்து முழு மதிப்பெண்ணும் பெற்றேன். அந்தப் பெருமையோடு விடுமுறைக்கு ஊர் சென்றபோது, அம்மா அடைவைத்த முட்டைகள் பொரித்திருந்தன. நொய்யைத் தூவியபடியே அம்மா கேட்டார்:

"ஏம்பா, முட்டைக்குள்ள அரிசியையே பாக்காத குஞ்சுக்கு நொய் எப்படிச் செரிக்குது?"

பள்ளி வாசலை மிதிக்காத தாயின் கேள்விக்குப் பட்டப் படிப்பு மகனிடம் விடையில்லை.

கல்லூரி திரும்பி நூலகத்தில் தேடினேன். ஏறத்தாழ மூன்றாம் நாளில் கருவின் குடற்சுவரில் கணையம் மொட்டுப்போல் அரும்புகிறது. பின்னர் வேறு இரு மொட்டுகளும் தோன்றி, மூன்றும் இணைகின்றன. 21 நாள் அடைகாலம் முழுதும் கருவுக்கு முதன்மையான உணவு மஞ்சட்கரு. அதில் கொழுப்பும் புரதமும் மிகுதி, மாவுச்சத்து கிடையாது. ஆயினும் அடைகாலத்தின் பிற்பகுதியிலேயே, மாவைச் சிதைக்கும் அமைலேஸ் என்னும் நொதி கணையத்தில் சேரத் தொடங்கிவிடுகிறது. புரதத்தைச் சிதைக்கும் டிரிப்சின், கணையத்தையே அரித்துவிடாதபடி, டிரிப்சினோஜன் என்ற செயலற்ற வடிவில் உருவாகிறது. சிறுகுடலை அடைந்த பின்னரே அது விழிக்கிறது. எஞ்சிய மஞ்சட்கரு பொரிக்கும் முன் குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு, முதல் ஓரிரு நாட்களுக்குக் கட்டுச்சோறாகிறது. இரை உண்ண உண்ண நொதிச் சுரப்பும் பெருகுகிறது.

நான் வரைந்த அதே 72 மணி நேரக் கருவில்தான் இதன் தொடக்கம் இருந்தது! பாகத்தின் பெயரை எழுதிய நான், அது எதற்கு என்று கேட்கவில்லை. தேர்வும் என்னைக் கேட்கவில்லை.

பாடம் நீளம், நேரம் குறைவு என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு படத்துக்கு ஒரு "ஏன்" கேட்க ஐந்து நிமிடம் போதாதா? ஆசிரியப் பெருமக்கள் செய்முறைத் தேர்வில் அந்த ஒரு கேள்விக்கு இடம் தர வேண்டும். மாணவ நண்பர்களே, நாமும் வீட்டுக் கேள்விகளைக் கல்லூரி வாயிலிலேயே விட்டுவிட்டு வரக்கூடாது. மனப்பாடம் தேர்வு மண்டபம்வரைதான் வரும். என் வீட்டு முற்றம்வரை அது வரவில்லை.

அடுத்த முறை சென்றபோது அம்மாவிடம் விளக்கினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்போ, வாய்க்கு இரை வர்றதுக்கு முன்னாடியே வயித்துல ஏற்பாடு நடக்குதுன்னு சொல்லு."

என் பதிவேட்டில் இல்லாத வரி அது. இப்போது படத்தின் கீழ் எழுதி வைத்திருக்கிறேன்.