முழுக்கால் சட்டை

ஜூலை 18, மண்டேலா பிறந்த நாள். பக்கத்துப் பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். பேசிய பிள்ளைகள் அத்தனை பேரும் 27 ஆண்டுச் சிறையைச் சொன்னார்கள். பரிசளிப்பு முடிந்து கிளம்பும்போது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து கேட்டாள்: "சார், ஜெயில்ல அவங்க எல்லாருக்கும் ஒரே சாப்பாடுதானா?"

எனக்கு அவ்வளவு சந்தோஷம். தியாகத்தை வருஷக் கணக்கில் மட்டுமே அளக்கிறோம், உள்ளே என்ன உடுத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்பதில்லை என்பது இந்தப் பத்தியில் நான் ஓயாமல் சொல்லும் குறை. மண்டேலாவோடு சிறையிலிருந்த அகமது கத்ராடாவின் நினைவுக் குறிப்புகளைப் படியுங்கள் என்று சொல்வதும் புதிதல்ல. இந்த வாரம் மறுபடி அதைத்தான் எடுத்தேன்.

தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு மண்டேலா முதலானோர் மீது தொடுத்த ரிவோனியா வழக்கில் 1964 ஜூன் 12 அன்று எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனை. வெள்ளையரான டெனிஸ் கோல்ட்பர்க்கை பிரிட்டோரியா சிறையிலேயே வைத்துக்கொண்டு, மற்ற ஏழு பேரை ராபன் தீவுச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஏழு பேரில் இளையவர் கத்ராடா. குஜராத்திலிருந்து போன குடும்பம். தென்னாப்பிரிக்காவில் ஜூன் குளிர்காலம். 34 வயது கத்ராடாவுக்கு முழுக்கால் சட்டை. அதே குழுவில் இருந்த கறுப்பர்களான 52 வயது சிசுலுவுக்கும் 45 வயது மண்டேலாவுக்கும் அரை டிராயர். கறுப்பர் எந்த வயதிலும் 'பையன்'தான் என்பது அந்த ஆட்சியின் கணக்கு. இந்தியருக்கு ரொட்டி உண்டு, கறுப்பருக்குக் கிடையாது. சர்க்கரையிலும் இந்தியருக்குக் கொஞ்சம் கூடுதல்.

எனக்கு இது வேண்டாம் என்று மறுக்கத்தான் கத்ராடா நினைத்தார். மூத்தவர்கள் தடுத்துவிட்டார்கள். இருப்பதை விடாதே, அது எல்லோருக்கும் கிடைக்கப் போராடுவோம் என்பது அவர்கள் கட்சி. ரொட்டியைத் திருப்பிக் கொடுத்திருந்தால் கத்ராடாவின் மனம் ஆறியிருக்கும்; சிசுலுவின் தட்டுக்கு அது வந்திருக்காது. ஆனாலும் கிடைக்காதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் அதைச் சாப்பிடுவது! சிறைவாசத்தைவிட இதுதான் என்னை அதிகம் உலுக்குகிறது.

அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் பிராம் ஃபிஷரிடம் இருந்த சலுகையோ வெறும் ரொட்டித் துண்டு அல்ல. வெள்ளை ஆப்பிரிகானர் குலம், ஆரஞ்சு நதிக் காலனியின் பிரதமராக இருந்த தாத்தா, நீதிபதி அப்பா. தீர்ப்பு வந்த கையோடு மனைவி மோலி கார் விபத்தில் இறந்துபோனார். அப்புறமும் ஃபிஷர் மேல்முறையீடு பற்றிப் பேசத் தீவுக்கு வந்தார். "மோலி எப்படி இருக்கிறார்?" என்று மண்டேலா கேட்க, பதில் சொல்லாமல் திரும்பி நடந்தார். அவர் போன பிறகு சிறை அதிகாரி சொல்லித்தான் மண்டேலாவுக்கு விஷயம் தெரிந்தது. ஆறுதல் கடிதம் எழுதினார். சிறை அதை அனுப்பவே இல்லை.

அதே ஆட்சியை எதிர்த்ததற்காக 1966-ல் ஃபிஷருக்கும் ஆயுள் தண்டனை. வெள்ளையர் என்பதால் அவரையும் பிரிட்டோரியாவில்தான் போட்டார்கள். அங்கே புற்றுநோயில் விழுந்தபோது, கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் கோல்ட்பர்க்.