ரேஷனில் அரிசியோடு பருப்பும் வேண்டும்: கரமனைக் குடும்பங்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் சங்க மகளிர் பிரிவு,
கரமனை, திருவனந்தபுரம்.

பெறுநர்:
மாண்புமிகு உணவு மற்றும் பொது வழங்கல் துறை அமைச்சர் அவர்கள்,
கேரள அரசு, தலைமைச் செயலகம், திருவனந்தபுரம்.

நகல்: பொது வழங்கல் துறை ஆணையர், திருவனந்தபுரம் மாவட்ட வழங்கல் அலுவலர், திருவனந்தபுரம் மாநகராட்சி மேயர்.

பொருள்: குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மானிய விலைப் பருப்பு வகைகளைக் கார்டுக்கு இவ்வளவு என்றில்லாமல் ஆள் கணக்கில் வழங்கவும், அது சார்ந்த பிற வசதிகளைச் செய்து தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

கேரள அதிகாரபூர்வ மொழிகள் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம் என்றும், பதிலும் தமிழிலேயே தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த உரிமையின்படி இம்மனுவைத் தமிழில் தருகிறோம். கரமனை ஆற்றங்கரை அக்கிரகாரத் தெருக்களில் வாழ்பவர்கள், சாலைக் கம்போளத்தில் கடைகளிலும் சுமைகூலியிலும் உழைப்பவர்கள், வீட்டுவேலைக்குப் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்களின் குடும்பத்தார் என்று எங்கள் உறுப்பினர்கள் பலதரப்பட்டவர்கள். சாதி வேறு, சமையல் வேறு. சைவமும் உண்டு, மீன் இல்லாமல் சோறு இறங்காதவர்களும் உண்டு. மாதக் கடைசியில் மட்டும் எல்லார் வீட்டு அடுக்களையும் ஒன்றுபோல ஆகிவிடுகிறது. இருபதாம் தேதிக்கு மேல் சாம்பார் ரசமாகிறது, ரசம் புளித்தண்ணீராகிறது. சோற்றுக்கு மட்டும் குறைவில்லை.

இந்தக் கடைசி வாக்கியமே எங்கள் மனுவின் சாரம். அரிசியை அரசு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. அதற்கு நன்றி சொல்லாமல் இருப்பது முறையல்ல. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பரில் கேரளத்தில் நடைமுறைக்கு வந்தபோது, மாநிலத்தின் ஆண்டுத் தானிய ஒதுக்கீடு 16.25 லட்சம் டன்னிலிருந்து 14.25 லட்சம் டன்னாகக் குறைந்தது. அப்படியிருந்தும் முன்னுரிமைப் பட்டியலிலுள்ள மஞ்சள், பிங்க் கார்டுக்காரர்களுக்கு மாதந்தோறும் தானியம் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவை பற்றி இந்த ஏற்பாட்டில் ஏறக்குறையப் பேச்சே இல்லை.

வெறும் புலம்பலாகத் தோன்றக் கூடாது என்பதற்காகக் கணக்கைத் தருகிறோம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி சேர்ந்து 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பால் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம் வேண்டும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இதை முப்பது நாளால் பெருக்கினால் தானியம் 30 கிலோ, பருப்பு வகை 10 கிலோவுக்குச் சற்று மேல், காய்கறி 48 கிலோ, பால் 36 லிட்டர், எண்ணெய் மூன்றேகால் கிலோ.

இனி வரவைப் பாருங்கள். பிங்க் கார்டில் ஆளுக்கு 5 கிலோ வீதம் நால்வருக்கு 20 கிலோ தானியம் கிடைக்கிறது. தேவையில் மூன்றில் இரண்டு பங்கு கைக்கு வந்துவிட்டது. பருப்புக்கு வந்தால், மாநில அரசின் சப்ளைகோ கடைகளில் விற்கும் 13 மானியப் பொருள்களில் சிறுபயறு, உளுந்து, கடலை, வன்பயறு, துவரம்பருப்பு ஆகிய ஐந்தும் கார்டுக்கு மாதம் ஒவ்வொரு கிலோதான். ஐந்தும் ஒரே மாதத்தில் கிடைத்து, ஐந்தையும் வாங்கக் கையில் காசும் இருந்தால் 5 கிலோ. அதாவது தேவையில் பாதி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 42 கிராம் வரும். அதிலும் உளுந்து தோசைமாவுக்குப் போய்விடும். மீதியில்தான் காலைப் புட்டுக்குக் கடலை, இரவுக் கஞ்சிக்குப் பயறு, மதியத்துக்குச் சாம்பார் என்று இழுக்க வேண்டும். வீட்டில் இரண்டு பேர் என்றாலும் ஏழு பேர் என்றாலும் கார்டுக்கு அதே அளவு என்பது எந்தக் கணக்கில் சேரும் என்று எங்களுக்குப் புரியவில்லை. அரிசிக்கு ஆள் கணக்கு, பருப்புக்குக் கார்டு கணக்கு!

விலையும் பழைய விலை அல்ல. 2016இல் உறுதியளித்தபடி மானிய விலையை ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அரசு ஏற்றாமல் வைத்திருந்தது பெரிய காரியம்தான். 2024 பிப்ரவரியில் அந்த முறை மாறி, சந்தை விலையில் 35 சதவீதம் தள்ளுபடி என்றானது. துவரம்பருப்பு 65 ரூபாயிலிருந்து 111 ரூபாய்க்குப் போயிற்று. கடலை 43லிருந்து 69 ரூபாய்க்கும், வன்பயறு 45லிருந்து 75 ரூபாய்க்கும். ஐந்து பருப்பு வகைகளையும் ஒவ்வொரு கிலோ வாங்கினால் முன்பு 293 ரூபாய், புதிய பட்டியலில் சுமார் 445 ரூபாய். அதன் பிறகு விலைகள் கொஞ்சம் ஏறியும் இறங்கியும் வந்துள்ளன. ஒப்பிட வசதியாக 2024 பிப்ரவரிப் பட்டியலையே இங்கே எடுத்துக்கொண்டோம். தேவையான மீதி 5 கிலோவை வெளிக்கடையில் வாங்கினால் அதே கணக்கில் இன்னும் 685 ரூபாய் ஆகும். பருப்புக்கு மட்டும் மாதம் 1,100 ரூபாய்க்கு மேல். பால் லிட்டர் ஐம்பது ரூபாய் என்று வைத்தாலே 36 லிட்டருக்கு 1,800 ரூபாய். தேங்காயெண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. 2025இல் அது லிட்டருக்கு 400 ரூபாயைத் தாண்டியபோது, தாளிப்பதை நிறுத்திய வீடுகள் எங்கள் தெருக்களிலேயே உண்டு. அந்த ஆண்டு செப்டம்பரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 1.54 சதவீதமாக இருந்தது, கேரளத்தில் 9.05 சதவீதம். டில்லியில் விலை இறங்கிவிட்டது என்று தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும்போது இங்கே நாங்கள் கடைக்காரரிடம் கடன் சொல்லிக்கொண்டிருந்தோம்.

எங்கள் உறுப்பினர்களில் பலருடைய வீட்டு வருமானம் மாதம் பதினைந்தாயிரத்துக்குள். வாடகை, மின்சாரம், பிள்ளைகளின் படிப்பு, மருந்து போக மிஞ்சுவதில்தான் அடுப்பெரிய வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறோம். இதுபோன்ற மனுக்களுக்குப் பதிலாக அடிக்கடி கிடைப்பது ஒரு வகுப்பு. சிக்கனமாகச் சத்துள்ள உணவு சமைப்பது எப்படி என்று யாராவது வந்து அட்டையில் படம் காட்டிப் பேசிவிட்டுப் போவார்கள். அந்த வகுப்பை நாங்களே எடுப்போம். சிறுபயறை முளைகட்டி வைப்பதும், கடலையை இரவே ஊறப்போட்டு எரிவாயுவை மிச்சம் பிடிப்பதும், கஞ்சித்தண்ணீரைக் கொட்டாமல் உப்பிட்டுக் குடிப்பதும், வாழைத்தண்டையும் வாழைக்கூம்பையும் துவரனாக்குவதும், முருங்கைக்கீரையைப் பருப்போடு சேர்த்து அரைத் தேங்காயில் முடிப்பதும் எங்கள் பாட்டிமார் சொல்லித்தந்தவை. மீன் உண்ணும் வீடுகளில் சாளை மலிந்த நாளில் இரண்டு வேளைக்குச் சேர்த்துக் குழம்பு வைத்துக்கொள்வார்கள். மரச்சீனியும் சாளைக் குழம்பும் இருந்தால் அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம். மாதச் செலவைத் திட்டமிட எங்களுக்குத் தெரியும். திட்டமிடப் பொருள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பொருள் இல்லாததன் விலை ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி கேரளத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 36.3 சதவீதம் பேருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 39.4 சதவீதம் பேருக்கும் இரத்தசோகை. குழந்தைகளில் இது முந்தைய ஆய்வில் 35.7 சதவீதம். வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் 19.7 சதவீதத்திலிருந்து 23.4 சதவீதமாகக் கூடியுள்ளனர். மறுபக்கம், பெரியவர்களில் நான்கில் ஒருவர் இரத்தச் சர்க்கரை கூடுதலாக உள்ளவர் அல்லது அதற்கு மருந்து உட்கொள்பவர். ஒரே வீட்டில் தாய்க்குச் சோகையும் தகப்பனுக்குச் சர்க்கரையும் இருப்பது எங்களுக்கு ஆச்சரியமல்ல. வயிறு நிறைவது சோற்றால். குறைவது மற்ற எல்லாவற்றிலும்.

எல்லைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். களியக்காவிளை தாண்டினால் எங்கள் சொந்தபந்தங்கள்தான். தோவாளையும் கல்குளமும் அகஸ்தீசுவரமும் விளவங்கோடும் 1956 வரை நம்மோடு ஒரே அரசின் கீழ் இருந்த தாலுக்காக்கள். அங்கே 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் ரேஷன் கடையிலேயே தரப்படுகின்றன. நாகர்கோவிலில் இருக்கும் அக்காள் 30 ரூபாய்க்கு வாங்கும் பருப்பைக் கரமனையில் இருக்கும் தங்கை 2024இல் 111 ரூபாய்க்கு வாங்கினாள். தமிழ்நாட்டின் நிதிநிலை வேறு, கேரளத்தின் கடன் சுமை வேறு என்ற பதிலை எதிர்பார்க்கிறோம். ஆனால் முடியாத காரியம் அல்ல என்பதைக் கேரள அரசே காட்டியிருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில் தொடங்கி, மஞ்சள் முதல் வெள்ளை வரை எல்லாக் கார்டுகளுக்கும் பயறும் கடலையும் எண்ணெயும் அடங்கிய கிட் அதே ரேஷன் கடைகள் வழியாகவே வந்தது. வழி அப்போதே போடப்பட்டுவிட்டது.

ஆகவே கீழ்க்கண்டவற்றை வேண்டுகிறோம்.

1. மஞ்சள், பிங்க் கார்டுகளுக்குப் பருப்பு வகைகளை ஆள் கணக்கில், ஆளுக்கு மாதம் குறைந்தது இரண்டு கிலோ வீதம், ரேஷன் கடை வழியாக வழங்க வேண்டும். எல்லாம் ஒரே நாளில் முடியாது என்றால் சிறுபயறிலும் வன்பயறிலும் தொடங்கலாம். இங்கே எல்லா வீட்டிலும் செலவாகும் பொருள்கள் அவை. 35 சதவீதத் தள்ளுபடி சந்தையோடு சேர்ந்தே ஏறுவதால் விலை கூடும்போது எங்களுக்குக் காப்பாக இருப்பதில்லை. பருப்புக்கு மட்டுமாவது ஆண்டு முழுவதும் மாறாத ஒரு விலையை நிர்ணயிக்க வேண்டும்.

2. நீலக் கார்டுக்காரர்களை மறந்துவிடக் கூடாது. முன்னுரிமைப் பட்டியலுக்கு ஒரு படி மேலே இருப்பதாலேயே எல்லாவற்றையும் இழப்பவர்கள் அவர்கள். முன்னுரிமை அல்லாத பிரிவுகளுக்கான கோதுமையை மத்திய அரசு 2022இல் நிறுத்தியபோது அதையும் அவர்கள் இழந்தார்கள். கணவனை இழந்தவர்கள், நாள்பட்ட நோயாளிகள் உள்ள நீலக் கார்டுகளை மறுபரிசீலனை செய்ய வார்டு அளவில் முகாம் நடத்த வேண்டும்.

3. ஜூன், ஜூலை மாதங்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் டிராலிங் (இழுவலை மீன்பிடிப்பு) தடை. மீன் விலை எட்டாது. மழையில் கூலிவேலை குறைகிறது. பள்ளி திறந்து புத்தகம், குடை, சீருடைச் செலவு வருகிறது. அதோடு கர்க்கடக மாதம் பிறக்கிறது. வீட்டில் சத்து மிகக் குறைவாகச் சேரும் காலம் இதுவே. ஓணக் கிட் நல்லதுதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பஞ்சம் கர்க்கடகத்தில், கிட் அடுத்து வரும் சிங்க மாதத்தில்! இரண்டு மாதம் முன்னதாக, இனிப்பும் பாயசப் பொருளும் இல்லாமல், பயறும் கடலையும் எண்ணெயும் மட்டும் கொண்ட ஒரு பை போதும்.

4. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி, கோதுமையோடு சிறுதானியமும் இடம்பெற்றுள்ளது. விரும்பும் குடும்பங்களுக்குக் கோதுமைக்குப் பதிலாக ராகி தரலாம். சர்க்கரை நோயாளிகள் உள்ள வீடுகளுக்கு அது உதவியாக இருக்கும்.

5. மானிய விலைக் கடைகளில் அன்றைய இருப்பையும் விலையையும் மலையாளத்தோடு தமிழிலும் காலையிலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும். இளையவர்களுக்கு மலையாளம் நன்றாக வரும்; எங்கள் முதியவர்கள் பலருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்க வரும். கூலி விட்டு வரிசையில் நின்று, பயறு நேற்றே தீர்ந்துவிட்டது என்று கேட்டுத் திரும்புவது எப்படி இருக்கும் என்பதைத் தாங்களே எண்ணிப்பாருங்கள்.

6. கீரைக்கும் கிழங்குக்கும் அரசின் பணம் அதிகம் தேவையில்லை. பக்கத்திலேயே வெள்ளாயணி வேளாண் கல்லூரி இருக்கிறது. ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவர்கள் உருவாக்கிய பூ சோனா என்ற ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைட்டமின் ஏ சத்து மிகுந்தது. அதன் கொடிகளும், மாடியில் வளர்க்கப் பயறு, கீரை விதைகளும் பைகளும் கிருஷி பவன் வழியாக எங்களுக்குக் கிடைக்க மாநகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும். ஒட்டிய சுவர் வீடுகளில் நிலம் இல்லை; வெயில் விழும் மாடி உண்டு.

7. குடும்பஸ்ரீ நடத்தும் ஜனகீய உணவகங்களில் 20 ரூபாயாக இருந்த மதியச் சாப்பாடு, அரசு மானியம் 2023 ஆகஸ்டில் நின்ற பிறகு 30 ரூபாயானது. தனியாக வாழும் முதியவர்களுக்கும் நலநிதி ஓய்வூதியம் பெறுவோருக்கும் அந்தப் பத்து ரூபாய் மானியத்தை மட்டுமாவது மீண்டும் தர வேண்டும். ஒருவருக்கென்று தனியாக அடுப்பு மூட்டுவதை விட அது எல்லார்க்கும் லாபம்.

அங்கன்வாடியில் உப்புமாவுக்குப் பதில் பிரியாணி வேண்டும் என்று ஒரு சிறு பிள்ளை மழலையில் கேட்ட காணொளியைக் கண்டு 2025இல் அரசு உணவுப் பட்டியலையே மாற்றியது. அதை மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறோம். அந்தப் பிள்ளைகள் அங்கன்வாடியிலிருந்து வீடு திரும்பிய பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு என்ன இருக்கிறது என்பதைத்தான் அவர்களின் தாய்மாராகிய நாங்கள் இப்போது கேட்கிறோம். எங்கள் தரப்பை நேரில் விளக்கத் தாங்கள் குறிக்கும் நாளில், மாதச் செலவு நோட்டுகளோடு, எங்கள் பிரதிநிதிகள் வரத் தயாராக உள்ளனர். இம்மனுவின்மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: கரமனை

இணைப்பு: உறுப்பினர்களின் கையொப்பப் பட்டியல், நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் மாத உணவுத் தேவைக் கணக்கு, நீலக் கார்டு மறுபரிசீலனை கோரும் விண்ணப்பங்கள்.