எண்ணிக்கை வேறு, வயது வேறு

சிகந்தராபாத்தில் தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லாத பகுதி மாரெட்பள்ளி. அங்கிருந்து கருத்தரிப்பு மையம் ஒன்றுக்குச் செல்லும் இரு பெண்களைக் கற்பனை செய்யலாம். ஒருவருக்கு வயது 31, ஏ.எம்.எச். அளவு 0.7. மற்றவருக்கு வயது 41, ஏ.எம்.எச். 2.5. காத்திருப்பு அறையில் அறிக்கைகளை ஒப்பிட்டால் முன்னவர் கலங்குவார், பின்னவர் நிம்மதி அடைவார். இரண்டுமே பிழையான முடிவுகள்.

ஏ.எம்.எச். காட்டுவது சினைப்பையில் எஞ்சியுள்ள முட்டைகளின் ஏறத்தாழ இருப்பை மட்டுமே. அவற்றின் தரத்தை அது சொல்லாது. தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வயது. நாற்பதைக் கடந்த பெண்களின் முட்டையிலிருந்து உருவாகும் கருக்களில் பாதிக்கும் மேற்பட்டவை குரோமோசோம் குறையுடையவை. பிரிட்டனில் 1991 முதல் 2008 வரை நடந்த நான்கு லட்சம் ஐ.வி.எஃப். சுழற்சிகளை ஆராய்ந்து 2011இல் வெளிவந்த கட்டுரை இதை எண்களில் காட்டியது. 15 முட்டைகள் கிடைத்தால் 34 வயதுக்குட்பட்டோருக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 40 விழுக்காடு. நாற்பதைத் தாண்டியோருக்கு 16. முட்டை எண்ணிக்கை ஒன்றே, வாய்ப்பு பாதிகூட இல்லை.

அதே 2011இல் வகுக்கப்பட்ட பொலோனா வரையறை இவ்விரு நிலைகளையும் ஒரே பெயரின்கீழ் அடக்க இடந்தந்தது. 2016இல் வந்த பொசைடன் வகைப்பாடு 35 வயதைக் கோடாக வைத்து அவர்களைப் பிரித்தது. அப்பிரிவு நோயாளியிடம் பேசும் மொழிக்குள் இன்னும் முழுமையாக வந்துசேரவில்லை. ‘மருந்துக்குச் சரியாகப் பதில் தராதவர்’ என்ற தொடரைக் கவனிக்க வேண்டும். அதன் எழுவாய் பெண். தோற்றவர் அவர், மருந்தோ, மருந்தளவோ, நெறிமுறையோ அல்ல. மாமியார் வீட்டில் அத்தொடர் எப்படி ஒலிக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

‘மருந்தைக் கூட்டினால் முட்டை கூடும்’ என்ற நம்பிக்கையும் அத்தொடரிலிருந்தே கிளைக்கிறது. அந்த மாதத்தில் வளரத் தயாராக நிற்கும் நுண்பைகளைத்தான் ஊசி வளர்க்கும், இல்லாதவற்றை உண்டாக்காது. இத்தகையோருக்கு நாளொன்றுக்கு 300 அலகுக்கு மேல் கொடுப்பதை ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. வளர்ச்சி ஹார்மோனுக்கும் டி.எச்.இ.ஏ. மாத்திரைக்கும் அதன் ஆதரவு இல்லை. எனினும் விலைப்பட்டியல்களில் அவை இடம்பெறுகின்றன. புகைப்பழக்கம், சாக்லேட் கட்டிக்காக முன்பு செய்த அறுவை, நம் நாட்டில் பெரிதும் கவனிக்கப்படாத பிறப்புறுப்புக் காசநோய், கணவரின் விந்தணு ஆகியவை பற்றிய கேள்விகள் அந்தப் பட்டியலுக்கு முன்னரே எழ வேண்டியவை.

வெற்றி விழுக்காடு என்று சொல்லப்படுவது எதன் விழுக்காடு என்பதே முதற்கேள்வி. கருவைக் கருப்பைக்குள் வைத்தவர்களை மட்டும் கணக்கிட்டால், முட்டையே கிடைக்காமல் திரும்பியவர்கள் கணக்கிலிருந்து மறைகிறார்கள். குறைந்த முட்டை உள்ளவர்களில் இந்த மறைவு மிகுதி. தொடங்கிய சுழற்சிகளில் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்ற எண்ணை, நோயாளியின் வயதுப் பிரிவுக்கேற்ப எழுத்தில் தருவதை ஒவ்வொரு மையத்துக்கும் கட்டாயமாக்க வேண்டும்.

2019 செப்டம்பரில் குண்டூரில் எழுபதைக் கடந்த ஒருவர் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றதை நாளேடுகள் அதிசயமாக எழுதின. முட்டை வேறொருவருடையது என்பது தலைப்பில் வரவில்லை. கருப்பையைவிட முட்டையின் வயதே முதன்மையானது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 2021ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு 50 வயதை உச்சவரம்பாக்கியது. கொடையாளர் வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே முட்டை தரலாம், ஏழுக்கு மேல் எடுக்கக் கூடாது என்றும் வரையறுத்தது. கொடை முட்டை அரிதாகிவிட்ட நிலையில், 31 வயதுப் பெண்ணை முதல் அறிக்கையோடு அந்த வரிசைக்கு அனுப்புவது இரட்டை அநீதி. சொந்த முட்டையில் அவருக்குரிய வாய்ப்பு முதலில் அவருக்குச் சொல்லப்பட வேண்டும். அந்த 41 வயதுப் பெண்ணுக்கோ, 2.5 என்ற எண்ணைப் பாராட்டுவதற்கு முன் காலம் எவ்வளவு குறைவு என்பதைச் சொல்ல வேண்டும்.